உப்புக் காற்றைத் தாங்கிய பேனா

விலை உயர்ந்த பேனாக்களுக்கு அந்தமான் ஏற்ற இடம் அல்ல. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் போர்ட் பிளேர் (2024 முதல் அரசு ஏடுகளில் ஸ்ரீ விஜயபுரம்). மழை ஓய்ந்த மாதங்களிலும் காற்றில் ஈரம் ஓய்வதில்லை. அந்த ஈரத்தோடு கடலின் உப்பும் கலந்து வருகிறது. தங்க முலாம் பூசிய கிளிப்பில் சில வருடங்களில் பச்சைப் புள்ளிகள் தோன்றும். தோல் உறையில் வெள்ளைப் பூஞ்சை படரும். மை நிரப்பி மறந்துபோன பேனாவைத் திறந்தால் உள்ளே நூல் நூலாக ஏதோ மிதக்கும்.

இந்த ஊரின் டெலானிபூர் பகுதியில், துறைமுக அலுவலகத்தில் கணக்கராக இருந்து 2018-ல் ஓய்வு பெற்ற தமிழர் ஒருவர் 140-க்கும் மேற்பட்ட பேனாக்களை வைத்திருக்கிறார். அவற்றுக்கென்றே படாக் மரத்தில் தட்டுகள் செய்து பொருத்திய ஓர் அலமாரி. அதன் அடித்தட்டில் இரவும் பகலும் ஒரு சின்ன பல்பு எரிகிறது, உள்ளே இருக்கும் காற்றைச் சற்று உலர வைப்பதற்காக. ‘பேனாவுக்கு லைட் போட்டு வைக்கிற வீடு’ என்பதுதான் தெருவில் இந்த வீட்டுக்கு அடையாளம்.

சேகரிப்பாளர்களை எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இத்தனையில் உங்களுக்குப் பிடித்த கம்பெனி எது?” அவர் வெகு காலம் இதற்குப் பதில் சொல்லவில்லை. “பெற்ற பிள்ளைகளில் யாரைப் பிடிக்கும் என்று கேட்கலாமா?” என்று சிரித்து நழுவிவிடுவார். பதில் தெரியாமல் இல்லை. அந்தப் பெயரை அந்த வீட்டில் உரக்கச் சொல்ல முடியாமல் இருந்தது.

அவர் பிறந்தது 1958-ல். அவர் பள்ளியில் படித்த காலத்தில் அந்தமானுக்கு எல்லாமே கப்பலில்தான் வந்தன: அரிசி, வெங்காயம், பாடப் புத்தகம், பேனா. சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர், மூன்று நாள் பயணம். கப்பல் தாமதமானால் கடையில் மை தீர்ந்துவிடும். வகுப்பில் ஒருவன் பேனாவிலிருந்து இன்னொருவன் பேனாவுக்கு நாலு சொட்டு கடன் போகும். கப்பல் வந்ததும் நாலு சொட்டு திரும்பி வரும். “ஒரு சொட்டு வட்டி கேட்டவனும் இருந்தான்” என்கிறார்.

1981-ல் வேலை கிடைத்து, முதல் விடுப்பில் சென்னைக்குப் போனார். பர்மா பஜாரில் ஒரு சீனத்து ‘ஹீரோ’ வாங்கினார். நடக்கும் தூரத்தில், பாரிமுனையில், ‘ஜெம் அண்ட் கோ’ கடை இருந்தது. 1920களிலிருந்து பேனா விற்றுவரும் கடை அது. கருணாநிதி பல்லாண்டுகள் எழுதிய தடித்த ‘வாலிட்டி 69’ இந்தக் கடையிலிருந்து போனதுதான். அந்த ரகத்தையும் ஒன்று வாங்கினார். “கட்சிக்காக இல்லை, தடிமனுக்காக. நாள் முழுக்க கணக்கு எழுதுகிற விரலுக்கு மெல்லிய பேனா ஆகாது.”

பிறகு ராஜமுந்திரியின் ‘ரத்னம்’. கடல் கடந்து வரும் பொருள்களை விட்டு உள்ளூரிலேயே ஏதாவது செய் என்று காந்தி சொன்னதைக் கேட்டு, பொற்கொல்லரான கே.வி. ரத்னம் 1932-ல் தொடங்கிய கம்பெனி. 1935-ல் காந்தி பேனாவைப் பெற்று நன்றிக் கடிதம் எழுதினார். அதன் பிறகு திருவள்ளூரின் ‘ரங்கா’. இவை எல்லாம் எபோனைட் பேனாக்கள். கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர்தான் எபோனைட். அதைக் கடைசல் இயந்திரத்தில் கையால் கடைந்து செய்வார்கள். கையில் பிடித்தால் பிளாஸ்டிக்கின் வழுக்கல் இருக்காது, உலோகத்தின் குளிர்ச்சியும் இருக்காது. பலவற்றில் உடம்பே மைக்கூடு. ஸ்பிரிங், ரப்பர் பை எதுவும் இல்லாததால் உப்புக் காற்றில் கெட்டுப்போக உள்ளே ஒன்றும் இல்லை.

ஆனால் அவற்றுக்கும் இரண்டு குறைகள். மை பாதிக்குக் கீழே இறங்கியதும் கைச்சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து, காகிதத்தில் ஒரு சொட்டு விழும். அலுவலகப் பேரேட்டில் அந்தச் சொட்டு விழுந்தால் விளக்கம் எழுத வேண்டும். இன்னொன்று, வெளிச்சமும் ஈரமும் பட்டால் கறுப்பு எபோனைட் நாளடைவில் பழுப்பும் பச்சையுமாக வெளுத்துவிடும். டெலானிபூரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

சம்பளம் உயர்ந்து, மகளின் படிப்பும் முடிந்த பிறகு உயர்ரகப் பேனாக்கள் பக்கம் திரும்பினார். பெரும்பாலும் பழையவை, கை மாறி வந்தவை. ஒவ்வொன்றுக்கும் பல மாதச் சேமிப்பு. அவர் மனைவி ராமநாதபுரத்துக்காரர். “ஒரு பேனா வெலைக்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கலாம். ஆனா வாங்கினா அதுக்குள்ளயும் இவரு பேனாதான் வைப்பாரு” என்கிறார். புகார்தான், ஆனால் பாதியில் அவருக்கே சிரிப்பு வந்துவிடுகிறது.

முதலில் அமெரிக்காவின் ‘பார்க்கர்’. அதிலும் சிவப்பு ‘டுவோஃபோல்ட்’. 1945 செப்டம்பர் 2 அன்று டோக்கியோ விரிகுடாவில் ‘மிசௌரி’ போர்க்கப்பலில் ஜப்பானின் சரணாகதியை ஏற்று மெக்கார்தர் கையெழுத்திட்டபோது பல பேனாக்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார். அவற்றில் ஒன்று அவர் மனைவியின் டுவோஃபோல்ட். இதைச் சொன்னதிலிருந்து அவருடைய அம்மாவுக்கு அந்தப் பேனா மேல் தனி மதிப்பு. வந்தவர்களிடம் எடுத்துக் காட்டச் சொல்வார்.

அடுத்து ஜெர்மனியின் ‘மோன்ட்பிளாங்க்’. மூடியின் உச்சியில் வெள்ளை நட்சத்திரம் போன்ற அடையாளம் உள்ள இந்தப் பேனாவை, பேனாவில் எழுதாதவர்களும் சட்டைப் பையில் செருகிக்கொள்ளப் பிரியப்படுவார்கள். போலிகள் அதிகம் வருவதற்கும் அதுவே காரணம். அவருக்கு முதலில் கிடைத்ததே போலிதான். பெருநகரம் ஒன்றின் பழைய பொருள் கடையில், பாதி மாதச் சம்பளம் கொடுத்து வாங்கியது. ஊர் வந்து நிப்பை லென்ஸில் பார்த்தபோது தங்கம் நிறத்தில் மட்டும்தான் இருந்தது. திருப்பிக் கொடுக்க மூன்று நாள் கப்பல் ஏற வேண்டும். “கப்பல் டிக்கெட்டையும் சேர்த்தால் நஷ்டம் இரட்டிப்பு” என்று கணக்கர் முடிவு செய்து, அதையும் அலமாரியில் வைத்தார். ஒரு துண்டுச் சீட்டில் ‘பாடம்’ என்று எழுதி.

உண்மையான மோன்ட்பிளாங்க் பின்னால் கிடைத்தது. அருமையான பேனா என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் 2009-ல் நடந்த ஒரு விஷயம் அவர் மனதைத் திருப்பிவிட்டது. அந்த ஆண்டு காந்தி ஜெயந்தியை ஒட்டி மோன்ட்பிளாங்க் காந்தியின் பெயரில் தங்கப் பேனா வெளியிட்டது. தண்டி யாத்திரையின் 241 மைல்களுக்காக 241 பேனாக்கள். விலை ஒன்று சுமார் 11.39 லட்சம் ரூபாய். கேரளத்தில் வழக்கு போடப்பட்டது. 2010-ல் இந்தியாவில் விற்பனையைக் கம்பெனி நிறுத்திக்கொண்டது. “உப்புக்கு வரி போட்டதற்காக நடந்தவர் பெயரில் 11 லட்சத்துக்குப் பேனா. அவருக்கு ராஜமுந்திரிப் பேனா போதுமாக இருந்தது” என்கிறார்.

அதற்குப் பிறகு ‘பெலிக்கன்’. பெயரின் பொருள் நம் கூழைக்கடா. குஞ்சுக்கு உணவூட்டும் கூழைக்கடாதான் முத்திரை. கிளிப்பும் பறவையின் அலகு போல வளைந்திருக்கும். 1929-ல் இந்தக் கம்பெனி கொண்டுவந்த பிஸ்டன் முறையில், வாலைத் திருகினால் பேனா தானே மையை உறிஞ்சிக்கொள்ளும். மை தாராளமாகப் பிடிக்கும். எழுதினால் வெண்ணெயில் கத்தி இறங்குவது போலப் போகும். ஏறக்குறைய இதுதான் என்று முடிவுக்கு வந்துவிட்டார். தடுத்தது தமிழ் எழுத்து.

பேனாவைச் சோதிக்க அவர் எழுதிப் பார்ப்பது கவிதையோ கையெழுத்தோ அல்ல. மளிகைச் சீட்டு. மஞ்சள், இஞ்சி, கொண்டைக்கடலை, உளுந்து, வெண்ணெய், ஆழாக்கு மிளகு. இதில் தமிழின் கஷ்டமான வளைவுகள் எல்லாம் வந்துவிடுகின்றன. ஆங்கில எழுத்து பெரும்பாலும் ஒரே போக்கில் வலப்பக்கம் ஓடும். தமிழில் நிப் முன்னே போய், சுழித்து, திரும்பி வந்து, மேலே ஏறி, கீழே இறங்க வேண்டும். ‘ண’வில் அடுத்தடுத்துச் சுழிகள். ‘ஞ’வில் பின்னோக்கித் தள்ள வேண்டிய ஒரு வளைவு. தள்ளும்போது கீறுகிற நிப் தமிழுக்கு ஆகாது. போதாததற்கு அவர் பழைய எழுத்துக்காரர். 1978-ல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்பே எழுதப் பழகியவர். ‘ணை’, ‘லை’ போன்றவற்றை யானைத் துதிக்கை போன்ற கொம்போடுதான் இன்றும் எழுதுகிறார். அந்தக் கொம்பு எழுத்தின் தலைக்கு மேல் சுற்றி வர வேண்டும்.

பெலிக்கனின் நிப் அகலம், மையும் தாராளம். பொடி எழுத்தாக எழுதினால் ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொண்டன. ‘ஞ’ ஒரு கறுப்புப் பொட்டாக நின்றது. பெரிதாக எழுதலாம். ஆனால் முப்பது வருடம் பேரேட்டுக் கட்டத்துக்குள் எழுதிய கை பெரிதாக எழுத மறுத்தது.

பொடி எழுத்துக்கு மெல்லிய நிப் யார் செய்கிறார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு சதுரக் கட்டத்துக்குள் பத்துப் பதினைந்து கோடுகள் கொண்ட எழுத்தை எழுதும் நாட்டுக்காரர்கள். ஐரோப்பியப் பேனாவில் ‘ஃபைன்’ என்று போட்டிருப்பதைவிட ஜப்பானியப் பேனாவின் ‘ஃபைன்’ மெல்லியது. சேகரிப்பாளர்கள் எல்லோரும் அறிந்த செய்தி அது. ஆனால் அந்த அலமாரியில் ஜப்பான் பேனா ஒன்றுகூட இல்லை. அந்த வீட்டிலேயே ஜப்பான் பொருள் கிடையாது. 1980களில் ஊரெல்லாம் ஜப்பான் கடிகாரத்துக்கும் ரேடியோவுக்கும் அலைந்தபோதும் கிடையாது.

காரணம் அம்மாவின் தகப்பனார். சாத்தம் மர ஆலையில் எழுத்தர். 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை அந்தமானில் இறங்கியபோது அம்மாவுக்கு ஒன்பது வயது. ஆங்கிலேயர் போய்விட்டார்கள், ஆசியர் வந்திருக்கிறார்கள் என்று சிலர் மகிழ்ந்தும் இருக்கிறார்கள். மகிழ்ச்சி சில நாள்கூட நீடிக்கவில்லை. விரைவில் ‘ஒற்றர்’ வழக்குகள் தொடங்கின. படித்தவர்கள், ஆங்கிலம் தெரிந்தவர்கள், அரசு வேலையில் இருந்தவர்கள்தான் குறி. செல்லுலார் சிறை மறுபடி நிரம்பியது. மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங் பல வாரச் சித்திரவதைக்குப் பின் 1944 ஜனவரி 14 அன்று இறந்தார். இன்று போர்ட் பிளேரில் ஒரு குருத்வாரா அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே மாதம் 30-ந் தேதி ஹம்ப்ரிகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

எழுதத் தெரிந்திருப்பதே ஆபத்தான அந்த நாள்களில், எழுத்தர் தன்னிடம் இருந்த ஒரே பேனாவைத் தகர டப்பாவில் போட்டுப் பலா மரத்தடியில் புதைத்தார். அப்படியும் அழைத்துப் போனார்கள். பல வாரங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது வலது கையின் மூன்று விரல்கள் மடங்கவில்லை. 1961-ல் அவர் இறக்கும்வரை மடங்கவே இல்லை. இடது கையால் பெயர் மட்டும் போடப் பழகிக்கொண்டார். புதைத்த பேனா கிடைக்கவில்லை. அந்த இடத்தில் ஜப்பானியர் பதுங்குகுழி வெட்டியிருந்தார்கள்.

“தாத்தா கையைப் பிடித்து நடந்திருக்கிறேன். அந்த விரல்கள் குச்சி போல இருக்கும்” என்கிறார் பேரன். தாத்தா இறந்தபோது அவருக்கு மூன்று வயதுதான். பார்த்த நினைவா, அம்மா சொன்ன நினைவா என்று பிரிக்க அவரால் முடியவில்லை. பேனா மேல் இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் மட்டும் பலா மரத்தைச் சொல்கிறார்.

இந்த விரதம் முறிந்தது 2011-ல். கப்பலில் இன்ஜினியராக இருக்கும் அக்காள் மகன் யோகோஹாமாவிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தான். “மாமா, திட்டாதீங்க. ஒரு தடவை எழுதிப் பாருங்க. பிடிக்கலேன்னா நானே வெச்சுக்கறேன்.” பெட்டியில் இருந்தது ‘பைலட்’.

அந்தச் சொல் அவருக்குப் புதிதல்ல. துறைமுகத்தில் தினமும் காதில் விழும் சொல். வெளியூர்க் கப்பல் துறைக்குள் நுழையும் முன், உள்ளூர் நீரோட்டமும் பாறையும் அறிந்த ஒருவர் படகில் போய் அதில் ஏறிக்கொள்வார். கப்பலைப் பத்திரமாகக் கரைக்குக் கொண்டுவருவது அவர் பொறுப்பு. அவர்தான் பைலட். “பைலட் ஏறியாச்சா?” என்று கேட்காமல் அலுவலகத்தில் ஒரு நாள் போகாது. பேனாக் கம்பெனியின் பெயரும் அந்தப் பைலட்தான், விமானம் ஓட்டுபவர் அல்ல. 1918-ல் அதைத் தொடங்கிய ரியோசுகே நமிகி, மசாவோ வாடா இருவரும் கப்பல் தொழில் படித்தவர்கள். இன்னொரு ஜப்பானியக் கம்பெனியின் பெயர் ‘செய்லர்’, அதாவது மாலுமி. 1911-ல் கூரே என்ற துறைமுக நகரில் தொடங்கியது. தீவு நாட்டில் பேனாவும் கடல் வழியாகத்தான் பெயர் பெற்றிருக்கிறது.

பெட்டியில் இருந்த ரகம் ‘கஸ்டம் 845’. கம்பெனியின் வயதையும் விலையையும் சேர்த்து வைத்த எண் அது. கடைசி ஐந்து, அறிமுக விலையான 50,000 யென்னைக் குறிக்கிறது. கணக்கருக்கு இதுவே பாதிப் பரிசு. கறுப்பு உடம்பு. எபோனைட்டின் மேல் ‘உருஷி’ பூசியது.

உருஷி ஜப்பானிய லாக்கர். ஒரு வகை மரத்தைக் கீறி வடிக்கும் பால். அந்த மரம் மா, முந்திரி இவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் சேராங்கொட்டைக்கும் உறவு. சலவைத் தொழிலாளர்கள் துணியில் குறி போட்டது சேராங்கொட்டைப் பாலால்தான். எத்தனை முறை வெளுத்தாலும் அது போகாது. பட்டால் தோலைப் புண்ணாக்கும் குணமும் இரண்டுக்கும் பொது.

உருஷிக்கு ஒரு விசித்திரம் உண்டு. மற்ற வார்னிஷ்கள் காற்றில் உலர்ந்து இறுகும். இது ஈரத்தில் இறுகும். காற்றில் ஈரம் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் அதிலுள்ள என்சைம் சரியாக வேலை செய்து பாலைக் கெட்டிப்படுத்தும். ஜப்பானியக் கைவினைஞர்கள் இதற்காகவே ஈரத் துணி போட்ட மர அலமாரி வைத்திருப்பார்கள். ஒரு முறை இறுகிவிட்டால் தண்ணீர், உப்பு, அமிலம் எதற்கும் எளிதில் அசையாது. 1873 வியன்னா கண்காட்சியிலிருந்து கலைப்பொருள்களை ஏற்றித் திரும்பிய ‘நில்’ என்ற பிரெஞ்சுக் கப்பல் மறு ஆண்டு ஜப்பானின் இஸு கரையருகே மூழ்கியது. ஒரு வருடத்துக்கு மேல் கடலடியில் கிடந்த லாக்கர் பொருள்கள், மேலே எடுத்தபோது அதிக சேதம் இல்லாமல் இருந்தன. உருஷி பயப்படுவது நேர் வெயிலுக்குத்தான்.

பேனாவில் உருஷி வந்தது அலங்காரத்துக்காக மட்டும் அல்ல. எபோனைட் வெளுத்துப்போகும் அதே தொல்லை நமிகிக்கும் இருந்தது. அதற்கு மருந்தாகத்தான் 1925-ல் அவர் கம்பெனி எபோனைட் மேல் உருஷி பூசும் முறையைக் கண்டுபிடித்தது. பொன்தூளால் படம் தீட்டிய ‘மாக்கியெ’ பேனாக்கள் அதிலிருந்து வளர்ந்தவை. 1930-ல் லண்டனின் ‘டன்ஹில்’ நிறுவனம் அவற்றை விற்க ஒப்பந்தம் போட்டது. இன்றும் ‘நமிகி’ என்ற பெயரில் அவை வருகின்றன, பல லட்சம் ரூபாய் விலையில். அவற்றைப் படத்தில் பார்ப்பதோடு அவர் சரி.

ஆக, அவருடைய மற்ற பேனாக்களை எது அரித்ததோ அதில் பிறந்தது இது. அலமாரியில் பல்பு எரிவதே ஈரத்தை விரட்டத்தான். இந்தப் பேனாவுக்கு அந்தப் பல்பு தேவையில்லை. பதினைந்து வருடம் நெருங்குகிறது, உடம்பில் ஒரு புள்ளி மாறவில்லை. நிப் 18 காரட் தங்கம். ‘ண’வின் சுழிகள் தனித்தனியாகத் தெரிந்தன. ‘ஞ’வின் வளைவில் கீறல் இல்லை. துதிக்கைக் கொம்பு ஒரே இழுப்பில் வந்தது. “மளிகைச் சீட்டை முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது” என்கிறார்.

பத்து நாள் அலுவலக மேஜையிலேயே வைத்திருந்தார். பிறகு மறைப்பது சரியில்லை என்று வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தார். அம்மாவுக்கு அப்போது 78 வயது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எந்த ஊரு சாமான்?”

“ஜப்பான்மா.”

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “எங்கப்பா பேரை எழுது” என்றார். எழுதினார். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “எழுத்து நல்லாத்தான் இருக்கு. பேனாவ உள்ள வை.”

அவ்வளவுதான். மன்னித்தாரா, மன்னிக்கவில்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. பேனா அலமாரியின் கடைசித் தட்டுக்குப் போனது. அம்மா முன்னால் அதை எடுப்பதில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மழை நாளில் அம்மாவே கூப்பிட்டார். அந்தக் காலத்தைப் பற்றி அவர் அதுவரை துண்டு துண்டாகத்தான் பேசியிருந்தார். “நான் போயிட்டா இதெல்லாம் யாருக்குத் தெரியும்? நோட்டு எடு” என்றார். மகன் வழக்கமான ரங்கா பேனாவை எடுத்தார். அம்மா தடுத்தார். “அது வேணாம். அந்தப் பேனாவ எடு. அவங்க செஞ்சத அவங்க பேனாவே எழுதட்டும்.”

அப்படித் தொடங்கிய நோட்டுகள் மூன்று. மரவள்ளிக்கிழங்கு தின்று கடத்திய மாதங்கள், விமானதளம் போடக் கல் சுமந்தவர்கள், இரவில் வந்து அழைத்துப் போனவர்கள், போய்த் திரும்பாதவர்களின் வீட்டுப் பெயர்கள், 1945 அக்டோபரில் ஜிம்கானா மைதானத்தில் ஜப்பானியத் தளபதிகள் சரணடைந்ததைக் கேள்விப்பட்டு அப்பா அழுதது. ஒரு ஜப்பானியச் சிப்பாய் தன் பங்கு அரிசியில் ஒரு பிடி கொடுத்துவிட்டு, தன் ஊரில் இதே வயதில் மகள் இருப்பதாகச் சைகை காட்டியதும் அதில் இருக்கிறது. “அதையும் எழுது. நடந்ததுதானே” என்றாராம் அம்மா. 2016-ல் அம்மா இறந்தபோது மூன்றாவது நோட்டில் பதினோரு பக்கம் மீதி இருந்தது.

நோட்டுகளை எழுதியது பெலிக்கனின் நீலக் கறுப்பு மையில். இரும்புச் சத்துள்ள மை. சாயம் மங்கினாலும் இரும்பின் கறை காகிதத்தில் நிற்கும். நம் ஊரில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய பழைய மைக்கும் அடிப்படை இதுதான். ஈரம் பிடித்த ஊரில் வேறு மையை நம்ப முடியாது என்கிறார். இந்த மையைப் பேனாவில் காயவிடக்கூடாது. வாரம் ஒரு முறை வெந்நீர் அல்ல, தண்ணீரில் அலச வேண்டும். அந்த வேலையை மனைவியிடம்கூடக் கொடுப்பதில்லை.

இப்போது அந்த மூன்று நோட்டுகளையும் தேதிகளைச் சரிபார்த்து, அச்சுக்குப் போகிற மாதிரி பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறார். அதற்கும் அதே பேனா. 140 பேனாக்களில் இதற்கு வேறெதையும் தொடுவதில்லை. பிடித்த கம்பெனி எது என்று கேட்டால் இப்போது தயங்காமல் ‘பைலட்’ என்கிறார். ஏன் என்று கேட்டால் நிப்பைச் சொல்கிறார், உருஷியைச் சொல்கிறார், நோட்டைக் கடைசியில் சொல்கிறார்.

பலா மரத்தடியில் போன பேனா எந்தக் கம்பெனி என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு நினைவிருந்தது ஒன்றுதான்: கறுப்பு, மூடியில் ஒரு தங்க வளையம். அக்காலத்துப் பேனாக்களில் பாதி அப்படித்தான் இருந்தன. பழைய பேனா எது கைக்கு வந்தாலும் அவர் முதலில் மூடியைத்தான் பார்க்கிறார்.